ஆற்றை மட்டும் விட்டுவிட்டுப் போனவனுக்கு

போன மாதம் உன் மனைவி, நாம் சேர்ந்து வரைந்த படத்தைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு வந்து என் அறையில் வைத்தாள். பிரித்ததும் அந்த எண்ணெய் வாசனை. இத்தனை நாளாகியும் போகவில்லை.

"வூட்ட காலி பண்ணிக்கினு அம்மாவாண்ட போறேண்ணா. அதுக்குள்ள இத்த முடிச்சிக் குடுங்க. அவரு போட்டதுன்னு இது ஒண்ணுதான் கீது."

சரியென்று சொல்லிவிட்டேன்.

உன் கல்யாணத்துக்கு முன், இதே இருங்காட்டுக்கோட்டை அறையில்தானே ஆரம்பித்தோம். கார் கம்பெனியில் நீ பெயிண்ட் ஷாப், நான் அசெம்பிளி. காருக்கு வெள்ளையடித்து அலுத்துப்போய், எண்ணெய் வண்ணம் பழகலாமென்று நீதான் கிளப்பிவிட்டாய். ஏதோ ஒரு பழைய டச்சு ஓவியர் வரைந்த நகரத்தைக் கலர் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினாய். மேலே பெரிய வானம், நடுவில் செங்கல் வீடுகள், கீழே ஆறு. அதைப் பார்த்து அப்படியே வரைந்தால் கை பழகிவிடும் என்றாய்.

நமக்குத் தெரிந்ததெல்லாம் லைன் வேலை. படத்தையும் அப்படியே பிரித்துக்கொண்டோம். வானம் உனக்கு, ஊர் எனக்கு. நீ ஏ ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து மேற்கு ஜன்னல் வெயிலில் வரைவாய். நான் பி ஷிப்டுக்குக் கிளம்புமுன், காலையில் டியூப்லைட்டில். ஒரு லீவு நாள் காலையில் சேர்ந்து பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

"இன்னாடா, என் வானத்துல வெயில் காயுது, உன் ஊருல மழை வர்றா மாதிரி கீது?"

"ஏல, ஒன் வானந்தான் தப்பு. நான் பிரிண்டப் பாத்துத்தான போட்டேன்?"

"நானும் அத்த பாத்துதான்டா போட்டேன்."

கதவு ஒரு நிறம், பாடி ஒரு நிறமாக இருந்தால் அந்த வண்டியை ஒதுக்குவதும் உன் வேலைதான். அதைச் சொல்லியே உன்னை ஓட்டினேன். நீ கோபப்படவில்லை. "ஆத்துல உன் வூடும் தெரியும், என் வானமும் தெரியும். அத்த ஒண்ணா குந்தி போட்டா எல்லாம் சேந்துக்கும்" என்றாய்.

ஒன்றாக உட்காரத்தான் முடியவில்லை. கல்யாணமாகி நீ படத்தோடு தனி வீட்டுக்குப் போனாய். பிறகு ஓ.டி., சேராத லீவுகள். அப்புறம் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய், எழவே இல்லை. ஆறு வெறும் கேன்வாஸ் துணியாகவே நின்றது.

படம் என் கைக்கு வந்ததும் ஆற்றைத் தொடங்கினேன். என் வீடுகளின் பிம்பத்தைத் தண்ணீரில் போடுவது சிரமமாக இல்லை. உன் வானம்தான் படுத்தியது. "கறுப்புல மட்டும் கைய வெக்காத" என்பாயே, அதன்படி சாம்பல் நிறத்துக்கு நீலமும் பழுப்பும் வெள்ளையும் கலந்தேன். காலையில் டியூப்லைட்டில் அச்சாகப் பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் கலைந்து பார்த்தால் சாக்கடைத் தண்ணீர். துடைத்தேன். மறு வாரமும் அதே கதை.

துணியும் கையுமாக நின்றபோது வெயில் படத்தின் மேல் ஏறியது. உன் சாம்பல் மேகத்துக்குள் மெல்லிய மஞ்சள் ஒன்று இருந்தது. சுவரிலிருந்த பிரிண்டைப் பார்த்தேன். அதே மஞ்சள். அத்தனை நாள் ஒரே அறையில் இருந்தும், நீ வரைந்த வெளிச்சத்தில் உன் வானத்தை நான் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. நீ செய்தது சரிதான் என்று சொல்ல நீ இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் ஏ ஷிப்ட் கேட்டேன்.

"இன்னாத்துக்குப்பா?"

"வீட்டுல ஒரு வேலை கெடக்கு சார்."

தினமும் மூன்று மணிக்கு வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் உன் இடத்தில் உட்கார்ந்து கலந்தேன். நான்காவது நாள் உன் மேகத்தின் சாம்பல் நிறம் வந்தது, ஆறும் முடிந்தது. உன் மனைவி வந்து வெகுநேரம் பார்த்தாள். பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

வேலை முடிந்ததா, பழையபடி பி ஷிப்டுக்கு வருகிறாயா என்று நேற்று சூப்பர்வைசர் கேட்டார். முடிஞ்சிட்டு சார், ஆனா ஏ ஷிப்ட்லயே இருந்துக்கிடுதேன் என்றேன். வரைய ஒன்றுமில்லை. மூன்று மணி நீ அறைக்கு வருகிற நேரம். அப்போது நான் இங்கே இருக்க வேண்டும் போலிருக்கிறது.