மரத்துப்போன சுண்டுவிரல்

11 ஜனவரி 1943, பென்னாகரம்

சைக்கிள் வந்துவிட்டது. மாற்றலாகிப் போன சர்வேயர் விற்றுவிட்டுப் போன வண்டி. அவர் ஆறடி ஆள், நான் அவர் தோளுக்கு வருவேன். சீட்டை எவ்வளவு இறக்கியும் பெடல் எட்டவில்லை. சைக்கிள் கடை முகம்மது கவுஸ் பாய், “பிரேமு பெரிசுங்க சார், உங்களுக்கு ஆவாது” என்றார். விடுவேனா? சீட்டின் மூக்கைக் கீழே சாய்க்கச் சொன்னேன். இப்போது எட்டுகிறது. உடம்பு முன்னால் வழுக்குகிறது, கையை ஊன்றிச் சமாளித்துக்கொள்ளலாம். கைப்பிடிக்கு ரப்பர் இல்லை. சண்டை முடிந்தால்தான் ரப்பராம். வெறும் இரும்பு.

இனி அம்மை குத்தப் போகிற ஊருக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். இதைச் சாலாவுக்கு எழுத வேண்டும். பிரசவத்துக்குப் போனவள் இன்னும் பாப்பிரெட்டிப்பட்டியில் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தையை ஒரு தடவைதான் பார்த்தேன். மாதம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் சுண்டுவிரலைப் பிடித்தவள் விடவேயில்லை.

2 பிப்ரவரி

ஏரியூர் போய் வந்தேன். ரோடா அது? ஜல்லியைக் கொட்டிவிட்டு மறந்துபோயிருக்கிறார்கள். இறங்கும்போது இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துக் கிடந்தன. சட்டைப் பொத்தானைக் கழற்றவே வெகுநேரம் ஆனது. உதறினேன், சரியாயிற்று.

20 பிப்ரவரி

இப்போதெல்லாம் உதறினாலும் சரியாவதில்லை.

3 மார்ச்

ஏரியூருக்கு வெளியே ஒரு குடிசை. மல்லையன் என்று ஒருவன், பெருவியாதிக்காரன், குஷ்டம், தனியாக இருக்கிறான். அவன் கையை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். இரண்டு விரல்கள் உள்ளே மடங்கிப்போயிருக்கின்றன. சுண்டுவிரலும் மோதிர விரலும்.

“எப்படி ஆரம்பிச்சுது?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

“மொதல்ல சுண்டுவெரலுதானுங்க சாமி. மதமதன்னு இருந்துச்சு. அடுப்புக் கங்கு ஒட்டிக்கிட்டுக் கெடந்திருக்குது, எனக்குத் தெரியவே இல்லீங்க.”

பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

4 மார்ச்

இன்று பாதையில் இறங்கி நின்று விரலில் ஊசியால் குத்திப் பார்த்தேன். தெரியவில்லை.

14 மார்ச், ஞாயிறு

இன்று வெளியூர் இல்லை. விரல் நன்றாக இருக்கிறது. சும்மா ஏமாற்றுகிறது. டாக்டரிடம் போகலாம். போனால் எழுதிவிடுவார், எழுதினால் வேலை போகும், குடியிருக்கிற வீடு போகும். அப்புறம் மல்லையன் குடிசைக்குப் பக்கத்தில் இன்னொரு குடிசை.

நாட்டு மருந்துக் கடையில், பெருவியாதிக்குத் தடவுகிற நீரடிமுத்து எண்ணெய் வாங்கினேன். “யாருக்குங்க?” என்று கேட்டான். மாட்டுக்கு என்றேன்.

28 மார்ச்

சாலா குழந்தையோடு வந்துவிட்டாள். “இந்தாங்க, உங்க மவ” என்று நீட்டினாள். கை கழுவவில்லை என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வர மனம் வரவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

17 ஏப்ரல்

ஊரார் குழந்தைகளை விரலில் துணி சுற்றிக்கொண்டு தொடுகிறேன். என் குழந்தையைத் தொடுவதில்லை. இது என்ன நியாயம்? சம்பளம் வேண்டும், அவ்வளவுதான் நியாயம். தினமும் வெளியில் தனியாகப் படுக்கிறேன். சாலா கேட்டேவிட்டாள்.

“பொட்டப்புள்ளைன்னு தொட மாட்டேங்கறீங்களா? வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க.”

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். உண்மையைவிட அது தேவலை.

9 மே

மலேரியாக் காய்ச்சலில் ஒரு வாரத்துக்குமேல் படுத்துக் கிடந்தேன். இன்று எழுந்தேன். விரலில் உணர்ச்சி வந்திருக்கிறது! தண்ணீர் சில்லென்று தெரிகிறது. எண்ணெய் வேலை செய்கிறது. கடவுளே, மாதுவைத் தூக்கப் போகிறேன். இரண்டு நாள் போகட்டும். நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் அவளுக்கு அம்மை குத்துவதும் என் கையால்தான்.

11 மே

ஏரியூர் போனேன். பாதி வழியிலேயே மரத்துவிட்டது. பாறை மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி பார்த்துவிட்டுத் தூரப் போய்விட்டாள்.

6 ஜூன்

சாலா போய்விட்டாள். அண்ணனை வரச்சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். “ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் குத்தறீங்க, இவளுக்கு மட்டும் ஆகாதா? இவ மேல உங்களுக்கு ஆசையே இல்லீங்க” என்றாள்.

அந்தப் பக்கம் அம்மை குத்துகிறவன் நஞ்சப்பன். அவனுக்குச் சொல்லியனுப்பினேன், மாதுவுக்குக் குத்திவிடு என்று. “சொந்தப் புள்ளைக்கு அடுத்தவங் கையா? சரி சரி, அந்தப் பக்கம் போறப்ப பாக்கறேன்” என்றானாம்.

9 ஜூலை, சேலம்

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? வந்துவிட்டேன். டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் உடம்பெல்லாம் தடவினார். முழங்கைக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார். எங்கும் தேமல் இல்லை, நரம்பு தடிக்கவும் இல்லை. பிறகு என் உள்ளங்கையைத் திருப்பினார். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டி, இரண்டு கையிலும் காய்ப்பு. அங்கே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். விரல் மரத்தது!

“சைக்கிளா?”

“ஆமாங்க.”

“லீவு நாள்ல எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குதுங்க.”

“ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கிற குஷ்டத்தை நான் பார்த்ததில்லை” என்று சிரித்தார். உடம்புப் பாரம் முழுவதும் அந்த நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதாம். வண்டியைச் சரிசெய்தால் போதுமாம்.

நான் சிரிக்கவில்லை. பாதிதான் நம்பினேன்.

12 ஜூலை

கவுஸ் பாய் கடையில் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி ஏறி உட்கார்ந்தேன். கையை எடுத்ததும் முன்னால் சரிந்தேன். இதைப் பார்க்க எனக்கு ஆறு மாதம்! சீட்டின் மூக்கை நிமிர்த்திச் சமமாக்கினோம். கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினோம். சர்வேயர் வேகத்துக்காகக் கவிழ்த்து வைத்திருந்த ஹேண்டில்பாரைத் திருப்பி மேலே ஏற்றினோம். பெடல் மறுபடி எட்டாமல் போயிற்று. பாய் பெடல்களில் இரண்டு பக்கமும் கட்டை வைத்துக் கட்டினார். வெறும் இரும்புக்குக் கந்தல் துணி சுற்றினோம். இப்போது பாரம் இடுப்பில் நிற்கிறது. முழங்கை தளர்ந்து மடங்குகிறது.

“அப்பவே ஆவாதுன்னு சொன்னேனுங்களே” என்றார் பாய். சொன்னார்தான்.

30 ஜூலை

ஏரியூர் வரைக்கும் மரக்கவில்லை. வழியில் இடையிடையே கையை மாற்றிப் பிடிக்கிறேன். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகலாமா? இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம். மே மாதம் ஏமாந்ததை மறக்க முடியவில்லை. எப்படியும் நஞ்சப்பன் இதற்குள் குத்தியிருப்பான்.

14 ஆகஸ்டு

நஞ்சப்பன் போகவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் அம்மை கண்டிருக்கிறது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அங்கே வந்திருந்த அவனைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். “நீயே வந்து குத்திக்குவேன்னு நெனைச்சேன்டா” என்கிறான். பஸ் இல்லை, பெட்ரோல் இல்லையாம். விடிந்ததும் வண்டியிலேயே கிளம்புகிறேன். பெட்டியையும் கட்டிவிட்டேன்.

16 ஆகஸ்டு, பாப்பிரெட்டிப்பட்டி

நேற்றுப் பகல் முழுக்க மிதித்தேன். தர்மபுரி தாண்டியும் கை மரக்கவில்லை. மொரப்பூர் தாண்டியும் மரக்கவில்லை. கடைசிவரைக்கும் மரக்கவில்லை. பாழாய்ப்போன கை. மரத்துத் தொலைந்திருக்கக் கூடாதா? அவளைத் தொடாமல் இருந்ததற்கு ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. பெட்டியோடு நின்ற என்னை மாமியார் உள்ளே விடவில்லை. “ஆத்தா வந்து எறங்கியிருக்கா. அந்தப் பொட்டிய எடுத்துக்கிட்டு வூட்டுப்பக்கம் வராதீங்க” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். மாதுவுக்கு முத்து போட்ட பிறகு அந்தப் பெட்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இதுகூடத் தெரியாதவனா நான்?

சாலா கதவோரம் வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வியாதி என்று பயந்தது, வெளியில் படுத்தது, எண்ணெய், சைக்கிள், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“இத அப்பவே எங்கிட்டச் சொல்லியிருந்தா, நானும் உங்களோட அந்தக் குடிசையிலயே வந்து இருந்திருப்பேனுங்களே” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

23 ஆகஸ்டு

எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறேன். அழுகுரல் கேட்கிறது. கேட்கிறவரைக்கும் பயமில்லை. நின்றுவிட்டால்தான்.

29 ஆகஸ்டு

நேற்றிலிருந்து அழுகுரல் இல்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

19 செப்டம்பர்

தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். உயிர் பிழைத்தாள். இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. சாலா வந்து குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாகப் பிடித்தாள். மற்றக் கையால் அவள் கன்னத்தைத் தடவினேன். நெற்றியில், மூக்கில், உதட்டோரத்தில் எல்லா இடத்திலும் பள்ளம். சுண்டுவிரலிலும் நன்றாகத் தெரிகிறது.