பட்டுப்பாவாடையில் முடிந்த உப்பிட்டு

டீச்சரம்மா,

இன்று காலை மாரியம்மன் கோயில் சந்தில் திரும்பும்போதே கோதுமை ரவை தாளிக்கிற வாசனை வந்தது. பாலவாடியில் உப்பிட்டு, அதான் நம்ம உப்புமா, கிண்டுகிறார்கள். தகரக் கூரை போய் இப்போது சிமென்ட் கூரை. அதைப் பார்க்க நீங்கள் இல்லை, ரிடையராகி ஊருக்குப் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்த மடல். மூன்றாவது வரைக்கும் படித்த கை; கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வந்த புதிதில் எனக்கு உங்களைப் பிடிக்காது. கன்னடத்து டீச்சர் தமிழ்ச் சந்துக்கு எதற்கு என்று குழாயடியில் முதலில் கேட்டவளே நான்தான். நீங்களோ தினமும் வாசலில் வந்து நின்றீர்கள். "அக்கா, பாப்பாவை அனுப்புங்க. நீங்க கெலசத்துக்கு, வேலைக்குப் போனா அவளை யாரு பாக்குறது?"

யாரும் இல்லைதான். மகள் கார்மெண்ட்ஸில்; அங்கத்துக் காப்பகத்தில் சின்னவனை மட்டும்தான் சேர்த்தார்கள். நான் பிரேசர் டவுனில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். பேத்தியை அங்கேயே சமையலறை மூலையில் உட்கார வைப்பேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அவள் வயசுதான். நர்சரி வேன் வந்தால் என் பேத்தியும் கேட்வரை ஓடுவாள். "ஏய், நீ எங்க போற?" என்று அந்த வீட்டம்மா சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். மறுநாளே பாப்பாவை உங்களிடம் கொண்டுவந்து விட்டேன்.

உங்களுக்கும் சர்க்கார் சம்பளம் என்று கொடுக்கவில்லை. கௌரவ தனம் என்றுதான் பேர். "கௌரவம் நிறைய இருக்கு அக்கா, தனம்தான் கம்மி" என்று சிரிப்பீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அ, ஆவும் சொல்லிக் கொடுத்தீர்கள், கன்னடப் பாட்டும் சொல்லிக் கொடுத்தீர்கள்.

அப்புறம் அந்த நாள். பாலவாடியைச் சோதிக்க ஆபீசரம்மா வருகிறார் என்றதும் சந்தே சேர்ந்து பிள்ளைகளை ஜோடித்தது. பவுடர், கண்மை, இரவல் சங்கிலி. நான் வேலை செய்த வீட்டிலிருந்து பட்டுப்பாவாடை கேட்டு வாங்கிவந்து பேத்திக்குக் கட்டினேன். நீங்கள் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தீர்கள். "அய்யோ சிவனே! இன்னிக்கு யாருக்கு அக்கா மதுவெ, கல்யாணம்?"

ஆபீசரம்மா மேலும் கீழும் பார்த்தார். "இவங்க எல்லாம் வசதியாத்தானே இருக்காங்க? கஷ்டப்படுற ஏரியா எவ்வளவோ இருக்கு. சென்டரை அங்க மாத்திடலாம்" என்று பேனாவைத் திறந்தார். பாப்பாவுக்கு மறுபடியும் அந்தச் சமையலறை மூலைதானா?

நீங்கள் பதறவில்லை. "சுத்தமா வந்தா தப்பா மேடம்? பிள்ளைங்க தின்னு முடிக்கட்டும், அப்புறம் எழுதுங்க."

தட்டுகள் வந்தன. பிள்ளைகள் தலை நிமிரவில்லை. என் பேத்தி பாதி தின்றாள். மீதியை வழித்துப் பட்டுப்பாவாடை ஓரத்தில் வைத்து முடிச்சுப் போட்டாள். ஆபீசரம்மா குனிந்து, "உனக்கு வேண்டாமா?" என்றார்.

"தம்பிக்கு."

ஆபீசரம்மா பேனாவை மூடினார். சென்டர் எங்கும் போகவில்லை.

அவர் போனதும் நான் உங்கள்மேல் பாய்ந்தேன். "பாவம் பாத்துதானே விட்டுட்டுப் போனாங்க! நாங்க என்ன பிச்சைக்காரங்களா?"

"யாரு சொன்னது? நீங்க சோப்பு வாங்குறப்போ வரி கட்டுறீங்க, டீத்தூள் வாங்குறப்போ கட்டுறீங்க. அந்தத் துட்டுலதான் இந்த உப்பிட்டு. நம்ம துட்டு அக்கா! அடுத்த தடவையும் நல்லா ஜோடிச்சே அனுப்புங்க."

பாவாடையில் எண்ணெய்க்கறை போகவில்லை. அந்த வீட்டம்மா இரண்டு விரலால் தூக்கி, "நீயே வெச்சுக்கோ" என்றாள். வைத்துக்கொண்டேன், அந்தச் சொல்லையும் சேர்த்து.

பேத்தி இப்போது பி.யூ.சி. படிக்கிறாள். கேட்வரை ஓடிய அதே கால்கள், தெரு முனையில் பஸ் பிடித்துக் காலேஜுக்குப் போகின்றன. மகனின் சின்னப் பெண் உங்கள் பாலவாடியில் இருக்கிறாள். போன வாரம் புது ஆபீசர் வருகிறார் என்றதும் மருமகள் பழைய கவுனை எடுத்தாள். "அத்தே, ஏழை மாதிரி இருந்தாத்தான் நல்லது." நான் விடவில்லை. குளிப்பாட்டி, பூ வைத்து, அந்தப் பட்டுப்பாவாடையையே கட்டி அனுப்பினேன். கறையை மறைக்கவில்லை.

ஆபீசர் ஏதாவது கேட்டால், இது எங்கள் துட்டு என்று சொல்ல பாலவாடி வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, டீச்சரம்மா.