சம்பந்திக்கு உப்புக் குறைவான விருந்து

மருமகளுக்கு,

இன்று மதிய விருந்தை நீ சொன்னபடியே சமைத்துவிடு. உப்பும் எண்ணெயும் குறையட்டும், தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும். சுகாதாரத் துறை தந்த அந்தத் தாளை நீ காட்டியபோது, "விருந்தாளிக்குப் பத்தியச் சாப்பாடா? ஊர் சிரிக்கும்" என்று நேற்று நான் கத்தியது உண்மைதான்.

காலையில் என் மகளின் மாமனார் போன் செய்தார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் உப்பையும் இனிப்பையும் குறைக்கச் சொல்லிட்டார். உங்க வீட்டுல வேண்டாம்னு கையை வச்சு மறைச்சாலும் இன்னொரு கரண்டி விழும். அதுக்குப் பயந்துதான் வராமலே இருந்தேன்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் நம் வாசற்படி மிதிக்காததால், நம்மை மட்டமாக நினைக்கிறார் என்றல்லவா நான் குமைந்துகொண்டிருந்தேன்! பெரிய பாரம் இறங்கியது.

நான் பழம் வாங்கப் போகிறேன். உன்னை எழுப்ப மனம் வரவில்லை. கதவைப் பூட்டியிருக்கிறேன், உள்ளிருந்து திறக்க உன் சாவி ஆணியில் இருக்கிறது. வாங்கி வைத்த இனிப்புப் பெட்டியை எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிடு. பரிமாறும்போது அவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. நான் கரண்டியை எடுத்தால் முறைத்துப் பார், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மாமா

நேற்று நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய். அடுப்பு வேலைக்கு முன்னால் ஏதாவது சாப்பிடு.

இன்னொன்று: சம்பந்தி கேட்டால், இந்த வீட்டில் எப்போதும் இப்படித்தான் சமையல் என்று சொல். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நாளையிலிருந்து அப்படித்தான்.