மச்சானின் சால்வை

லாகூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய ஸர்மினா அக்காவுக்குத் தம்பி தோர்குலின் சலாம்.

நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

சனிக்கிழமை போனில் ஒன்றே ஒன்று கேட்டாய். "டிவியில நீ போத்தியிருந்தது யாரு சால்வைடா?" நாடகக் கம்பெனி கொடுத்தது என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். நான் சொன்னது பொய், அக்கா.

மூன்று வருடமாக எனக்கு வாட்ச்மேன், லாரி டிரைவர் வேடம்தான். இந்தத் தடவைதான் பெரிய வேடம். குண்டு வைக்கிறவன். "நம்ம உடுப்பெல்லாம் பொய்யாத் தெரியுது, ஊர்லேருந்து நிஜமா ஏதாச்சும் கொண்டுவா" என்று டைரக்டர் சொன்னார். பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது, குளிருக்கு என்று உன்னிடம் மச்சானின் சால்வையைக் கேட்டேன். நீ அதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாய்.

மச்சான் எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியாதா? கடைத்தெருவில் முதல் குண்டுக்குத் தப்பியவர், தன் வகுப்புப் பிள்ளைகள் விழுந்து கிடந்ததைப் பார்த்துத் திரும்பி ஓடினார். இரண்டாவது குண்டு அப்போதுதான் வெடித்தது. அவரைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். நாடகத்தில் அவருடைய சால்வைக்குள் குண்டை ஒளித்துக்கொண்டு நடந்தவனும் நான்தான்.

ஒருநாள் டைரக்டரிடம் கேட்டேன். குண்டில் செத்த பக்தூன் வாத்தியார் ஒருவரையும் கதையில் வைக்கலாமே என்று. பக்தூன்களை இங்கே பட்டாண் என்றுதான் சொல்வார்கள். "பட்டாண் வாத்தியாரா? யாருய்யா நம்புவான்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சால்வையைவிட அந்தச் சிரிப்புதான் என்னைத் தின்கிறது.

இப்போது தெருப்பிள்ளைகள் என்னைக் கண்டால் "டமார்!" என்று கத்துகிறார்கள். அது போகட்டும். நேற்று, சோளம் சுட்டு விற்கும் நம் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் பார்த்தும் அப்படியே கத்தினார்கள். "அட பேராண்டிகளா, எங்க வீட்லயே ரெண்டு பேரைக் குண்டுக்குக் கொடுத்துட்டு வந்தவன்டா நான்" என்று அவர் நம் பாஷையில் சொன்னார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எடுத்துச் சொல்ல வாயும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

இன்று காலை கம்பெனிக்குப் போய்ச் சால்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அடுத்த பாகத்தில் நடிக்க மாட்டேன் என்றேன். "நீ இல்லேன்னா இன்னொரு பட்டாண்" என்றார்கள். அதுவும் உண்மைதான். ஊரெல்லாம் பார்த்ததை என்னால் அழிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை சால்வையோடு ஊருக்கு பஸ் ஏறுகிறேன். வாசலில் வந்து நின்ற எதிரியையும் நம்மவர்கள் உள்ளே விடுவார்கள். அந்த வழக்கத்தைச் சொல்லி உன் வீட்டுக்குள் நுழைய மாட்டேன். மச்சானை அடக்கிய கபருக்கு அருகே நின்று ஓத வேண்டும். நீ சரி என்று சொல்லாமல் அங்கே போக என் காலுக்குத் துணிவில்லை. அல்லாஹ் உன் மனசை ஆற்றட்டும். பஸ் வந்து நிற்கும் இடத்திலேயே காத்திருப்பேன். வா என்றோ வராதே என்றோ, யாரிடமாவது ஒரு சொல் சொல்லி அனுப்பு அக்கா.

உன் தம்பி என்று எழுதக் கூசும்,
தோர்குல்