விதைக்கு வைத்த வெங்காயம்

அக்கா,

“உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது” என்று அந்த வெள்ளிக்கிழமை நான் உங்களிடம் சொல்லவில்லை.

காலை பத்தரைக்குத் தபால்காரர் மணி அடித்தார். நான்தான் போய் வாங்கினேன். நீளமான வெள்ளை உறை, மூலையில் தூதரகத்தின் சின்னம். யாழ்ப்பாணத்து முகவரியை யாரோ நீல மையால் வெட்டிவிட்டு வெள்ளவத்தை முகவரியை எழுதியிருந்தார்கள். நீங்கள் பின்வளவில் குந்தியிருந்து வெங்காயம் கிளப்பிக்கொண்டிருந்தீர்கள். நாலைந்து எட்டு நடந்தால் கையில் தந்திருக்கலாம். நான் அறைக்குள் போய், வாசித்துக்கொண்டிருந்த தடித்த நாவலுக்குள் அதை வைத்து மூடிவிட்டு, வெறுங்கையோடு வந்து உங்கள் பக்கத்தில் இருந்தேன்.

நேற்று அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்த நாவல் கையில் பட்டது. தூசி போக உதறினேன். ஒரு வெங்காயச் சருகு விழுந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதன் சிவப்பு மங்கவில்லை. மணம் மட்டும் போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து விரல் தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்த வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபோது நீங்கள் ஒன்றரை வருடமாக அங்கே காத்திருந்தீர்கள். திருச்சியில் கலியாணம் முடிந்து இருபதாம் நாள் உங்கள் கணவர் தான் குடியேறியிருந்த குளிர்நாட்டுக்கு விமானம் ஏறிவிட, நீங்கள் கொழும்புக்குத் திரும்பி விசாவுக்காக ஓர் அறை எடுத்தீர்கள். அந்தக் குறுகிய ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருத்தியாவது அப்படி இருந்தாள். நான் திருகோணமலையிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அன்ரி உங்கள் அறைக்குள் இன்னொரு கட்டிலைப் போட்டு, “இந்தப் பிள்ளை வாயே திறக்கமாட்டா. நீ மூடமாட்டாய். ரெண்டு பேருக்கும் பொருத்தம்” என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

நான் வந்த மூன்றாம் மாதம் உங்கள் அம்மா யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து, தரைப்பாதை பூட்டியிருந்ததால் கப்பலில் வந்த ஒருவரிடம் ஒரு பை சின்ன வெங்காயம் கொடுத்துவிட்டிருந்தார். அன்ரி உரிக்கக் கத்தியோடு வந்துவிட்டார். நீங்கள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள். இன்னொன்றை எடுத்தீர்கள். முகம் மாறிவிட்டது.

“அன்ரி, இதில கை வைக்காதேங்கோ. இது கறிக்கு இல்லை.”

“ஏன், நஞ்சோ?”

“இது விதை வெங்காயம். அம்மா விதைக்கு வைச்சதை எடுத்து அனுப்பியிருக்கிறா.”

எனக்கு விளங்கவில்லை. பிறகு அறைக்குள் வந்துதான் சொன்னீர்கள். அறுவடையில் நல்லதெல்லாம் விதைக்குப் போகும். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அதை அடுப்படிக்குக் கொண்டுபோவதில்லை. “விதையைச் சாப்பிடக் குடுத்துவிடுறா எண்டால், தோட்டத்துக்குப் போக ஆமிக்காரர் விடுறாங்களில்லை எண்டு அர்த்தம். கடிதத்தில எழுதினால் வெட்டிப்போடுவாங்கள். அதுதான் வெங்காயமாய் எழுதியிருக்கிறா.”

மறுநாளே அன்ரியின் பின்வளவில் மண்வெட்டியோடு நின்றீர்கள்.

உங்களுக்கு ஊரில் தெரிந்த மாதிரிதான் செய்தீர்கள். தரையைப் பதித்துப் பாத்தி கட்டி, சுற்றவர வரம்பு உயர்த்தி, இறைக்கிற தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி அழகாக அமைத்தீர்கள். நான் குளியலறை வாளியால் தண்ணீர் இறைத்தேன். ஐந்தாம் நாள் முளை வந்தது. பன்னிரண்டாம் நாள் கொழும்பு மழை வந்தது. நீங்கள் கட்டிய வரம்பு நீங்கள் நினைத்ததைவிட உறுதி. மூன்று நாள் பெய்த மழையில் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. பாத்தி முழுக்க அழுகல் மணம். நீங்கள் வரம்பில் இருந்து சிரித்தீர்கள். “தண்ணி இல்லாத ஊர்க்காரி எல்லே நான். தண்ணியை மறிக்கத் தெரியும், விடத் தெரியாது.”

மூலைக்கடை நானாவுக்கு இது போதுமாக இருந்தது. நாங்கள் பம்பாய் வெங்காயம் வாங்கப் போகும்போதெல்லாம் தராசைப் பிடித்துக்கொண்டு கேட்பார்:

“என்ன தங்கச்சி, ஒங்கட தோட்டத்து வெங்காயம் எப்ப மார்க்கட்டுக்கு வருது?”

“வரும் நானா. உங்கட கடையைப் பூட்டத்தான் போறீங்கள்.”

“வெள்ளவத்தைல வெங்காயமா! ஒரு பிடி கொண்டு வாங்க. நான் கடை வாசல்ல கட்டித் தூக்குறேன், எல்லாரும் பாக்க.”

“சொன்ன சொல்லு மாறக்கூடாது.”

“அல்லா மேல ஆணையா மாற மாட்டேன்.”

பையில் பாதியைத்தான் நட்டிருந்தீர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மற்றப் பாதி கட்டிலுக்குக் கீழே சுளகில் பரவிக் கிடந்தது. இந்த முறை மீன் விற்பவரிடம் கேட்டு வாங்கிய, ஐஸ் போட்டு மீன் வைக்கிற ஆறு வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள். அடியில் ஓட்டை, அதன் மேல் செங்கல் துண்டு, மணல், மண். மழை இருண்டால் நாங்கள் இருவரும் ஓடிப்போய்ப் பெட்டிகளைத் தாழ்வாரத்துக்கு இழுப்போம். வெயில் வந்தால் திரும்ப வெளியே. “எங்கட ஊரில தண்ணி வெங்காயத்துக்குப் போகும். இங்க வெங்காயம் தண்ணிக்குப் பயந்து ஓடுது” என்பீர்கள். மீன் மணம் கடைசிவரை போகவில்லை. வீதியில் பூனைகள் எல்லாம் எங்கள் வளவுக்கு வந்து ஏமாந்து போயின.

“அறுபத்தஞ்சு நாளில கிளப்பலாம்” என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து அன்ரி நாட்காட்டியில் கோடு போடத் தொடங்கினார். “விசா முந்துதோ வெங்காயம் முந்துதோ, பாப்பம்.” ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கணவர் அன்ரியின் தொலைபேசிக்கு எடுப்பார். நான் அறைக்குள் போய்விடுவேன். ஆனால் உங்கள் குரல் வீடு முழுக்கக் கேட்கும்.

“என்ன செய்யிறனோ? வெங்காயம் பாக்கிறன்... உங்களையும் யோசிக்கிறன்தான். அங்க கொண்டுவரலாமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோவன்.”

அப்படி ஒரு பகிடி விட்டுவிட்டு ரிசீவரை வைத்த பிறகு, சிறிது நேரம் அதன் மேல் கை வைத்தபடி நிற்பீர்கள். அதை நான் கதவிடுக்கால் பார்த்திருக்கிறேன். பார்த்தும்தான் அந்தக் கடிதத்தை மறைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வயிற்றுவலி என்று அச்சகத்துக்கு அறிவித்துவிட்டு வெங்காயம் கிளப்ப நின்றேன். வெங்காயத் தாள்கள் பழுத்துச் சரிந்திருந்தன. நீங்கள் விரலால் மண்ணை விலக்கி, கொத்தாகப் பிடித்து இழுத்தீர்கள். ஒரு கொத்தில் ஆறு, ஏழு. கழுவாமலே உதறி, என் கையில் ஒன்றை வைத்தீர்கள். “பாரும், வெள்ளவத்தைப் பிள்ளை.” அப்போதுதான் மணி அடித்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். உறையைக் கண்டதும் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கட்டில் ஒன்று வெறுமையாகப் போகிறது. அதை நீங்கள் உடைத்தால் இந்த அறுபத்தைந்து நாளும் அந்த நிமிடமே முடிந்துவிடும். ஒரு சாப்பாட்டு நேரம் மட்டும் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடியத் தருவேன். இடையில் ஒருமுறை உள்ளே போய், உறை பத்திரமாக இருக்கிறதா என்று புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். என் கையில் ஒட்டியிருந்த சருகு அப்போதுதான் உள்ளே விழுந்திருக்க வேண்டும்.

நான் திரும்பி வரும்போது நீங்கள் நல்ல வெங்காயத்தைத் தெரிந்தெடுத்து ஒரு பக்கம் வைத்துக்கொண்டிருந்தீர்கள். தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டி, அடுப்படிக் கம்பியில் தொங்கவிட்டீர்கள்.

“இது எதுக்கு அக்கா?”

“விதைக்கு. அடுத்த தரம் பன்னிரண்டு பெட்டி போடுவம்.”

அப்போதும் நான் சொல்லவில்லை.

மதியம் அரிசிமாப் புட்டு. உரித்த முழு வெங்காயத்தைப் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு, வாயில் வைத்தால் கரைகிற பதத்துக்குக் குழம்பு வைத்தீர்கள். தாளை அரிந்து தேங்காய்ப்பூவோடு வறை. கடைசியாக நாலு பச்சை வெங்காயத்தைப் பலகையில் வைத்து முஷ்டியால் குத்திப் பிளந்து, உப்புப் போட்டுத் தேசிக்காய் பிழிந்துவிட்டீர்கள். கத்தி பட்டால் உறைப்பு மாறிவிடுமாம். அன்ரி மூன்றாம் தரம் புட்டுப் போட்டுக்கொண்டு, “எடியே, இனி நானாட வெங்காயத்தை எப்பிடியடி வாயில வைக்கிறது?” என்றார். என் கண்ணில் நீர் நிற்பதைக் கண்டு நீங்கள் கேட்டீர்கள்:

“வெங்காயமோ, வேற ஏதும் விசயமோ?”

“வெங்காயம்தான் அக்கா.”

கோப்பைகளைக் கழுவியதும் எழுந்துபோய் எடுத்துவருவது என்றிருந்தேன். அதற்குள் நீங்கள் ஒரு பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டீர்கள். “நானாவின்ர முகத்தைப் பாத்திட்டு ஓடி வாறன். அஞ்சு நிமிசம்.” வந்த உடனே கொடுக்கலாம் என்று நான் கடிதத்தை வெளியே எடுத்து, உங்கள் தலையணையின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

நானாதான் ஓடி வந்தார். கையில் உங்கள் வெங்காயப் பிடி.

“அன்ரி! தங்கச்சிய பொலிஸ்காரனுங்க ஏத்திக்கிட்டுப் போயிட்டானுங்க! கடைக்கு முன்னால நிப்பாட்டி அடையாள அட்டை, ஐசி கேட்டானுங்க. யாழ்ப்பாணம். எதுக்குக் கொழும்புல ஈக்கிறன்னு கேட்டானுங்க. விசாவுக்குன்னு சொல்லிச்சு. கடதாசி கேட்டானுங்க. காட்டின கடதாசி பழசாம். இத எனக்கு நீட்டி, ‘நானா, தூக்குங்க’ன்னு சொல்லிட்டுத்தான் ஜீப்புல ஏறிச்சு.”

நான் தலையணையிலிருந்த உறையை எடுத்துவந்து அன்ரியிடம் கொடுத்தேன். “இப்பதான் தபால் பெட்டிக்குள்ள கண்டனான்” என்றேன். அவர் உடைத்து வாசித்தார். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நேர்முகம். கடிதம் யாழ்ப்பாணம் போய்ச் சுற்றி வந்ததில் நாட்கள் எல்லாம் வழியிலேயே கழிந்துவிட்டன.

பொலிஸ் நிலையத்தில் அன்ரி சிங்களத்தில் மன்றாடினார். சார்ஜன்ட் கெட்ட மனிதர் இல்லை. கடிதத்தைக் கவனமாக இரண்டு தரம் பார்த்தார். வழக்குப் புத்தகத்தில் பதிந்தாயிற்று, கையெழுத்து வைக்க வேண்டிய பெரியவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார். பிறகு இன்னும் ஏதோ சொன்னார். அன்ரி தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்துதான் எனக்குச் சொன்னார்:

“இந்தக் கடிதம் அவளின்ர கையில இருந்திருந்தால், றோட்டிலேயே விட்டிருப்பினமாம்.”

சனியும் ஞாயிறும் புட்டும் வெங்காயக் குழம்பும் கொண்டுபோனோம். உள்ளே இருந்த மற்றப் பெண்களுக்கும் பகிர்ந்தீர்கள் என்று பிறகு சொன்னீர்கள். திங்கள் பகல் ஒரு மணிக்கு விட்டார்கள். முச்சக்கரவண்டி மூலைக்கடையைத் தாண்டும்போது நிற்பாட்டச் சொன்னீர்கள். கடை வாசலில், சீப்புச் சீப்பாகத் தொங்கிய வாழைப்பழங்களுக்கு நடுவில், உங்கள் வெங்காயப் பிடி. நானா எழுந்து நின்றார். அவரால் பகிடி விட முடியவில்லை. நீங்கள்தான், “பாத்தீங்களே நானா, வித்துப்போடாதேங்கோ” என்றீர்கள்.

வீட்டில் கடிதத்தைக் கையில் வைத்து அதிக நேரம் பார்த்தீர்கள். தபாலில் பிந்தியது என்றே நம்பினீர்கள். “தபால்காரன் பாவம், அவனுக்கு என்ன தெரியும்” என்று நீங்கள் சொன்னபோது நான் அடுப்படியில், நீங்கள் விதைக்குக் கட்டிய பிடிகளுக்குக் கீழே நின்றேன். அன்றிரவு உங்கள் கணவர் எடுத்தார். அந்த ஒரு முறைதான் உங்கள் குரல் வீட்டில் கேட்கவில்லை.

நீங்கள் நல்லவர் என்பதால்தான் சொல்ல முடியாமல் போனது. மன்னித்திருப்பீர்கள் என்று தெரியும். மன்னித்துவிட்டு எனக்குப் புட்டும் போட்டிருப்பீர்கள். அதை எப்படி வாங்கிச் சாப்பிடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் விதை இன்னும் அறவில்லை. அன்ரியின் பின்வளவில் பன்னிரண்டு பெட்டி இருக்கிறது. மழை இருண்டால் நான் தனியே இழுக்கிறேன். நல்லதைத் தெரிந்தெடுத்துக் கம்பியில் கட்டிய பிறகுதான் மிச்சம் அடுப்படிக்குப் போகிறது. நானாவுக்கு வருடத்துக்கு ஒரு பிடி கொடுக்கிறேன். இன்றும் வாசலில் தொங்குகிறது. மூலையில் இன்னும் ஐசி பார்க்கிறார்கள். யாருக்குக் கடிதம் வந்தாலும் நான் ஓடிப்போய்க் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறேன்.

நேர்முகத்துக்குப் புதிய திகதி வரப் பதினொரு மாதம் எடுத்தது. அந்தப் பதினொரு மாதத்தில் நீங்களும் நானும் இரண்டு தரம் வெங்காயம் நட்டோம். பிறகு நீங்கள் போனீர்கள். அங்கே நாலாவது குளிர்காலத்தில், உடம்பில் வருத்தம் என்று வைத்தியர் சொல்லி ஆறு கிழமைக்குள் காலமானீர்கள். உங்கள் கணவர் அன்ரியின் தொலைபேசிக்கு எடுத்து என்னோடும் கதைத்தார்.

“திருச்சியில இருந்த இருபது நாளையும் சேர்த்தாலும் மூண்டரை வருசம் வராது தங்கச்சி, நான் அவவோட இருந்தது” என்றார்.

“ஓம் அண்ணா” என்றேன். கடிதம் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வந்தது என்று அவரிடமும் நான் சொல்லவில்லை.