பெரிய வெள்ளிக்குக் கசெட்

1996 மார்ச், வெள்ளி. வுப்பர்டால், ஜேர்மனி.

சூசை மாஸ்ரருக்கு அடுத்த கிழமை தொண்டையில் ஒப்பரேஷன். அதனால் பெரிய வெள்ளிக்கு ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாட்டை என்னைத்தான் பாடச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவருடைய பலசரக்குக் கடையில்தான் எனக்கு வேலை. அரிசி நிறுத்தபடியே சொல்லித்தந்தார். மூட்டைகளுக்குப் பின்னால் நின்றால் எனக்குக் குரல் நன்றாக வரும்.

இன்று கோவிலில் ஒத்திகை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மாஸ்ரர் கம்மிய குரலில் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். அப்போதும் வரவில்லை.

"இவ அரிசி மூட்டைக்கு மட்டும்தான் பாடுவாவாம்," என்றாள் ஒத்திகைக்கு வந்திருந்த மெற்றில்டா. எல்லோரும் சிரித்தார்கள்.

"பிள்ளையைப் பேசாதேங்கோ. ஊரிலயிருந்து வந்த பசாம் கசெட் ஒண்டு கிடக்கு. அதைப் போடுவம்," என்றார் மாஸ்ரர்.

அவர் என்னை ஏசியிருக்கலாம்.

திரும்பி வரும்போது எங்கள் வீட்டு வாசலில் மாஸ்ரர் காரை நிறுத்தினார். "மாஸ்ரர், நான் இன்னொருக்காப் பாடிப் பாக்கட்டோ?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்டதோ தெரியாது.

"நாளைக்கு வெங்காயம் வருது, பிள்ளை. வேளைக்கு வா," என்றார்.

இப்போது போர்வைக்குள் முழுவதையும் பாடிப் பார்த்தேன். ஓரிடத்திலும் பிசகவில்லை.