அப்பா கத்தரித்த முடிவுகள்

சுண்டோய்
23 மார்ச் 1980

அன்பு மகள் சிக்னேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் அந்தக் கோடியில் அப்படியே இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, மூன்று வாரமாக உச்சந்தலையில் அடி வாங்கியவள் மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறேன், காப்பியில் உப்பைப் போட்டு அதைக் குடித்தும் முடித்துவிட்டேன். எல்லாம் உன் கடிதத்தால் வந்தது. உன்மேல் தப்பில்லை, ஆனால் உன் கடிதத்தால்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் நம் கொட்டகையில் பார்த்த படங்களில் உனக்குப் பிடித்த ஐந்தை வரிசை போட்டு, அம்மா உன் வரிசை என்ன என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதைக் காலைச் சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். லாரி ஓட்டும் அண்ணன் தம்பி படத்தை நீ இரண்டாவதாகப் போட்டது எனக்குச் சம்மதம், சர்க்கஸ் கிழவனை நான்காவதாகப் போட்டது அநியாயம். முதலிடம் கலங்கரை விளக்கப் படத்துக்கு என்றதும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு மேலே படித்தேன். இங்கே வெலிங்டனில் அதே படத்தை மறுபடி போட்டார்கள், போய்ப் பார்த்தேன், கடைசியில் அந்த மீனவன் செத்துப்போய்விட்டான், நம் ஊரில் அவன் உயிரோடு திரும்பி வந்தானே, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று எழுதியிருந்தாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் மகள் வேறு ஏதோ படத்தைப் பார்த்துக் குழம்பியிருக்கிறாள் என்று சொல்லி நிமிர்ந்தால், அப்பா கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் பனி அள்ளப் போகிறேன் என்று எழுந்தார். சிக்னே, அன்றைக்குப் பனியே பெய்யவில்லை.

வாசலுக்கே போய் மறித்துக்கொண்டேன். மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றவர் என் முகத்தைப் பார்க்காமல், "அவ சொல்றது சரிதான், ஊன்னி. அவன் சாகத்தான் செய்றான். நான்தான் வெட்டிட்டேன்" என்றார். எதை வெட்டினீர்கள் என்றேன். "கடைசிக் காட்சியை" என்றார். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கும் அந்த மாசம் நன்றாக நினைவிருக்கும். ஜனவரியில் உன் மாமா டொர்கெர் போன படகு திரும்பவில்லை, ஆறு பேர், ஒருவர் உடம்பும் கிடைக்கவில்லை. மார்ச்சில் கொட்டகையைத் திறந்தபோது முதலில் வந்த படம் அது. வியாழக்கிழமை கப்பலில் படச்சுருள் டப்பாக்கள் இறங்கினால் வெள்ளிக்கிழமைக்கு முன் அப்பா தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்திருக்கிறார். படகு வருகிறது, மனைவி சிரித்துக்கொண்டே துறையை நோக்கி ஓடுகிறாள், நாம் பார்த்தது அதோடு சரி. ஆனால் படத்தில் அதற்குப் பிறகும் இருந்திருக்கிறது. வந்த படகு வேறு யாருடையதோ, அதில் அவன் பிணம், அவள் துறையிலேயே உட்கார்ந்து அவன் முகத்தைக் கழுவுகிறாள். ஊரில் ஆறு வீடு அழுதுகொண்டிருக்கும்போது இதை எப்படிக் காட்டுவது என்று கத்தரிக்கோலை எடுத்துவிட்டார் உன் அப்பா.

பெர்கித்துக்காகவா என்று கேட்டேன், உன் மாமாவின் மனைவிதானே முன்வரிசையில் இருந்தாள். அவர் சொன்ன பதிலை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "அவளுக்காகவும்தான். ஆனா நான் மெஷின் ரூம் ஓட்டைவழியாப் பாத்தது உன்னைத்தான். நீ டிக்கெட் குடுத்துட்டுக் கடைசி வரிசைல வந்து உக்காருவே. கூடப் பொறந்தவன் போய் ரெண்டு மாசம், நீ ஒரு சொட்டு அழல. ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டியோன்னு பயந்தேன்டி" என்றார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், இரண்டு வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் எதிரே சாப்பிட்டிருக்கிறார்.

அதோடு விட்டதா? நான் விரல் மடக்கி ஒவ்வொரு படமாகக் கேட்டேன். லாரிப் படத்தில் தம்பி தூரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறானே என்றேன். "போய்ப் பள்ளத்துல விழுந்து செத்துட்டான்" என்றார். பனிமலையில் காணாமல்போன ஆசிரியை? "அவளும்தான்." சர்க்கஸ் கிழவன்? "அதுல நான் கையே வைக்கல, அந்தப் படம் அவ்வளவுதான்" என்றார். அந்த ஒரு வருஷத்தில் ஏழு படம், சிக்னே! வாரம் இரண்டு நாளும் கொட்டகை நிரம்பிய வருஷம், இவ்வளவு நல்ல படங்கள் ஒரே வருஷத்தில் வந்ததே இல்லை என்று ஊரே சொல்லிச் சொல்லி மாய்ந்த வருஷம். அந்த நல்லதில் பாதி அப்பாவின் கத்தரிக்கோல் செய்தது. வெட்டிய துண்டுகளை டப்பா திரும்பும் முன் ஒட்டிவிடுவாராம். அந்த முதல் படத்துக்கு மட்டும் புயலுக்குப் பயந்து கப்பல் முன்கூட்டியே கிளம்பிவிட்டது, துண்டு இங்கேயே ஒரு காப்பி டப்பாவில் தங்கிவிட்டது. அப்படியென்றால் வடக்கே அந்த ரீல் போன ஊர்களில் எல்லாம் மீனவன் உயிரோடு வந்திருக்கிறான். நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

என்னை உலுக்கியது வேறு. படகுத்துறையில் நட்ட நினைவுக்கல்லில் ஐந்து பெயர்தான் இருக்கிறது, மாமாவின் பெயரைப் பொறிக்க பெர்கித் விடவில்லை என்பது உனக்குத் தெரியும். பாவம், அவன் வருவான் என்று இன்னும் நம்புகிறாள் என்று ஊரே பேசும், நானும் பேசியிருக்கிறேன். அவள் அந்தப் படத்தை வெள்ளிக்கிழமையும் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தாள். நம் வீட்டுக் கத்தரிக்கோல்தான் ஒரு பெண்ணை இரண்டு வருஷமாகப் பொய்யான வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறதோ என்று நினைத்ததும் அப்பாவின் எதிரே போய் நின்றேன். இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் என்றேன். சொன்னால் அவள் செத்துவிடுவாள் என்றார். சொல்லாவிட்டால் நான் செத்துவிடுவேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து போனோம். அவள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அப்பா தொப்பியைக் கழற்றாமலே நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். பெர்கித் அடுப்பை அணைத்துவிட்டு, "துண்டு இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றார். "அப்ப வாங்க" என்று கோட்டை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னே நடந்தாள். காலிக் கொட்டகையில் நாங்கள் இருவரும், மேலே மெஷினில் அப்பா. இரண்டு நிமிஷம்கூட இல்லை அந்தத் துண்டு. இன்னொரு தடவை என்றாள், அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிந்து வெள்ளைத் திரையைப் பார்த்தபடியே, "அவளுக்குக் கழுவ ஒரு முகம் கெடச்சுது, அண்ணி" என்றாள்.

அப்பா இறங்கி வந்ததும் அவள் எழுந்து நேரே போனாள், அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். "அண்ணா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்றார் இவர். "காட்டாதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அதை நான் சொல்லியிருப்பேன்" என்றாள். அப்பா குழந்தை மாதிரி தேம்பினார், நான் பார்த்ததே இல்லை. நான் தயங்கித் தயங்கிக் கல்லைப் பற்றிக் கேட்டேன், இந்தப் படத்தை நம்பியா இத்தனை நாள் காத்திருந்தாய் என்று. என்னை அவள் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "நான் என்ன முட்டாளா? அவர் வரமாட்டார்னு முதல் வாரமே எனக்குத் தெரியும். கல்லுல பொறிக்கப் பேர் எழுதுன காகிதத்தை நீங்களே பாத்திருந்தா விட்டிருக்க மாட்டீங்க, டொர்கெய்ர்னு எழுதி வச்சிருந்தாங்க. அவர் என்ன டொர்கெய்ரா? திருத்துங்கன்னு கல்லுக் குழுத் தலைவன் மாக்னார்கிட்ட சொன்னேன், ஒரு எழுத்துதானேம்மான்னான். அந்த ஒரு எழுத்து வர்ற வரைக்கும் உளி படக்கூடாதுன்னுட்டேன்!" என்றாள். சிக்னே, இரண்டு வருஷமாக ஊரே அவளைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது, டொர்கெரின் கூடப்பிறந்தவள் நான் ஒருநாள்கூட அவளிடம் நேராகக் கேட்கவில்லை. அப்பா செய்ததைவிட இதுதான் என் முகத்தில் அறைந்தது.

மறுநாள் காலை மீன் பதனிடும் கொட்டடியில் பெர்கித் வாயைத் திறந்தாள், மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரொட்டிக்கடையில் என்னை வழிமறித்து, அப்போ லாரிக்காரத் தம்பி என்று இழுத்தார்கள், செத்துவிட்டான் என்றேன், ஐயோ என்று அங்கேயே உட்கார்ந்தார்கள். சிலர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் முகம் கொடுக்கவில்லை. எங்களை என்ன பால்குடி என்று நினைத்தானா என்று இன்னொரு விதவையின் மாமனார் தெருவிலேயே கத்தினார், அதுவும் நியாயம்தான். மாக்னார் காய்ந்த மீன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான், கல் நட்ட குழுவுக்கும் அவன்தானே தலைவன், கொட்டகைக்கும் அவன்தானே. படம் அனுப்புகிற இடத்துக்கு அப்பா கையாலேயே எல்லாவற்றையும் எழுத வைத்தான், கோடை வரைக்கும் மெஷினைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டான். அப்பா சரி என்றார். இப்போது மாக்னாரே ஓட்டுகிறான், ஒரு வாரம் மூன்றாவது ரீலை இரண்டாவதுக்கு முன்னால் போட்டுவிட்டான், செத்தவன் எழுந்து வந்து சாப்பிட்டான், ஆனால் இந்த ஊரில் இனி யார் வாய் திறப்பார்கள்?

பெர்கித் விடவில்லை. முழுப் படத்தையும் வரவழை, ஊர் பார்க்கட்டும் என்று மாக்னாரை நச்சரித்து வரவழைத்தாள், போன ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். ஆறு வீட்டுக்காரர்களில் நான்கு வீட்டார் வந்தார்கள், இரண்டு வீட்டார் வரவில்லை, அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. வாழ்நாளில் முதன்முறையாக அப்பா நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்தார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் துறையில் உட்கார்ந்து அவன் முகத்தைக் கழுவத் தொடங்கியதும் எனக்கு வந்துவிட்டது, சிக்னே. இரண்டு வருஷத்து அழுகை, கொட்டகை அதிர அழுதேன். நிறுத்த மாட்டேன் என்று அவர் பயந்தது சரிதான், வெகுநேரம் நிற்கவில்லை. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து பெர்கித் கைக்குட்டையை நீட்டி, "மூக்கைச் சிந்துங்க அண்ணி, பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்குப் பாட்டே கேக்கல" என்றாள். அழுகைக்கு நடுவில் நான் சிரித்த சிரிப்பை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்பாமேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீரும்போது தீரட்டும். காலையில் காப்பி போட்டுக் கொடுக்கிறார், குடிக்கிறேன். உனக்கு அவரே எழுதுவதாகச் சொல்லி நான்கு நாளாக ஒரே காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வந்தால் கடுமையாகப் பதில் எழுதாதே, லேசாகவும் விட்டுவிடாதே.

இரவுப் பணி முடிந்து தனியாக நடந்து வராதே, யாரையாவது கூட்டிக்கொள். அனுப்பிய கம்பளிக் காலுறைகளைப் போட்டுக்கொள், அங்கே குளிராது என்று சொல்லாதே. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ நடக்கிற தெருவெல்லாம் உனக்கு நல்ல தெருவாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. இத்தனை நாளும் என் அதிர்ச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன், நேற்றுத்தான் உறைத்தது, இதையெல்லாம் எங்களுக்கு முன்னால் பார்த்தவள் நீ. பத்தாயிரம் மைலுக்கு அப்பால், யாரும் எச்சரிக்காமல், உன் மாமா மாதிரி ஒருவன் செத்துக் கிடப்பதைத் திரையில் பார்த்திருக்கிறாய். அன்றைக்கு உன் பக்கத்து நாற்காலியில் யாராவது இருந்தார்களா, கண்ணே?

உன் அம்மா,
ஊன்னி